எண்ணெய்க் கேனோடு இரவில் நிற்பவர்களுக்கு

கொடகவெல, கஹவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் மெஷின் பார்க்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே,

செக்ரோலில் உங்களை ஒயில்மேன் என்றோ பிட்டர் என்றோ எழுதியிருப்பார்கள். பின்னேரம் கொழுந்து லொறி வந்து இறக்கியதிலிருந்து விடியற்காலை டிரையரில் நெருப்புத் தணியும் வரைக்கும் எண்ணெய்க் கேனும் கிரீஸ் கன்னும் கையுமாகச் சுற்றி வருகிறீர்கள். தேயிலை நல்ல விலைக்குப் போனால் டீமேக்கரைப் புகழ்வார்கள். ரோலர் நின்றால்தான் உங்களைத் தேடுவார்கள். நானும் லயத்தில் பிறந்து, ஸ்டோர் இரைச்சலைக் கேட்டு வளர்ந்து, மெஷின் வேலை பழகி அதிலேயே காலம் கழித்தவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

நீங்கள் விடுகிற எண்ணெயில் பெரும்பகுதி பாரம் தாங்குவதில்லை. அது வழியும், தேங்கும், சூட்டைக் கொண்டுபோகும். பாரத்தைத் தாங்குவது இரண்டு இரும்புக்கும் நடுவே நசுங்கி நிற்கிற ஒரு மெல்லிய படலம் மட்டுமே. மோட்டார் பெயாரிங்கில் குண்டும் வளையமும் அழுந்துகிற இடத்தில் அந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரோன் இருக்கும். இரும்பின் மேல் இரும்பைக் காய்ந்தபடி இழுத்தால், மேலே உள்ள பாரத்தில் பாதிக்கு மேல் இழுவிசை கொடுக்க வேண்டிவரும். படலம் இரண்டையும் முழுதாகப் பிரித்துவிட்டாலோ அதே பாரத்தை நகர்த்த நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான விசை போதும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்ணுக்கே தெரியாத ஒன்று உண்டாக்குகிறது.

அதனால் எவ்வளவு எண்ணெய் விட்டோம் என்று கேட்பதை விட்டுவிட்டு, படலம் நிற்கிறதா என்று நாம் கேட்கப் பழக வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுகளின் பெயாரிங்கைச் சோதித்துப் பார்த்தார். நான்கு அங்குல விட்டமுள்ள தண்டு. அதன் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் நனைந்திருக்க, மேலே பித்தளைக் கவசம் பாரத்தோடு உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விடலாம் என்று அந்தக் கவசத்தின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் துளைக்குள் இறங்கவில்லை, துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை தள்ளுப்பட்டு வெளியே வந்தது. மர ஆப்பு அடித்தார், அதுவும் வந்தது. கடைசியில் அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தால், முள் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலைத் தாண்டி ஓடியது. தண்டின் மேல் வைத்த பாரமோ சதுர அங்குலத்துக்குச் சராசரி 100 இறாத்தல்தான்.

மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணக்கு எழுதிக் காட்டினார். ஓடுகிற தண்டு புஷ்ஷின் நட்டநடுவில் நிற்பதில்லை, பாரத்தால் சற்று விலகி நிற்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கி, ஆப்புப் போல் ஆகிவிடுகிறது. சுழலும் தண்டு தன்மேல் ஒட்டிய எண்ணெயை அகன்ற பக்கத்திலிருந்து ஒடுங்கிய பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. போக இடமில்லாத எண்ணெய்க்கு அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கமே தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. வெளியிலிருந்து எந்தப் பம்பும் வேண்டியதில்லை. தண்டு தன்னைத் தாங்கும் படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

கடைச்சல் பட்டறையில் புதுப் புஷ் செய்து வாங்குகிறவர்கள் டவரின் துளையை நினைவில் வையுங்கள். பாரம் விழுகிற பக்கத்தில் எண்ணெய்த் துளையோ காடியோ போட்டால், படலம் தாங்க வேண்டிய இடத்திலேயே அதன் அமுக்கம் ஓடிப்போய்விடும். துளை பாரமில்லாத பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய புஷ்ஷைக் கொடுத்து ‘இது மாதிரியே செய்’ என்று சொல்லும்போது, துளை எந்தப் பக்கம் என்பதையும் சுண்ணக்கட்டியால் கீறிக் கொடுங்கள். பொருத்தும்போது புஷ் திரும்பிப்போனால் எவ்வளவு நல்ல எண்ணெயாலும் பயனில்லை.

தண்டு மெதுவாகச் சுழன்றால் என்ன ஆகும்? ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட வளைகோடு இதற்குப் பதில் சொல்கிறது. எண்ணெய் கெட்டியாக இருந்து, வேகம் கூடி, பாரம் குறைந்தால் படலம் தடிக்கும். எண்ணெய் தண்ணியாகி, வேகம் குறைந்து, பாரம் கூடினால் படலம் மெலியும். இரும்பின் மேடுகள் ஒன்றையொன்று உரசத் தொடங்கும். உராய்வு மிகக் குறைவாக இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளத்தில். அதற்கு அப்பால் படலம் தடிக்கத் தடிக்க, எண்ணெயைக் கலக்குவதற்கே சக்தி செலவாகி, உராய்வு மறுபடி மெல்ல ஏறும். நிறைய எண்ணெய், நிறைய நன்மை என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

இப்போது உங்கள் ஸ்டோருக்குள் வாருங்கள். அசாமில் 1870களில் வில்லியம் ஜாக்சன் ரோலர் செய்த காலத்திலிருந்து அதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஜாக்கெட் நிறைய வாடிய கொழுந்து, மேலே அமுக்கும் மூடி, கீழே பட்டிகள் பதித்த மேசை, எல்லாவற்றையும் வட்டமாக ஆட்டுகிற கிராங்குகள். நிமிஷத்துக்கு 40, 45 சுற்று. தாழ்நிலத் தேயிலைக்கு நன்றாக முறுக்க வேண்டும் என்பதால் அமுக்கமும் குறைவில்லை. மெதுவான ஓட்டம், கனத்த பாரம், போதாக்குறைக்கு ஆட்டம் வேறு. ஸ்ட்ரிபெக்கின் வளைகோட்டில் மோசமான மூலை அது. ரெனால்ட்ஸ் சொன்ன ஆப்புப் படலம் அங்கே முழுதாக எழும்புவதில்லை.

வாட்டுத் தொட்டியின் விசிறி மோட்டார் நேர் எதிர்ப் பக்கம். 1440 சுற்றுக்குக் கிட்ட ஓடுகிறது, பாரம் அளவானது, படலம் தானாக எழும்பும். அதற்கு வேண்டியது கொஞ்சம் கிரீஸ், அதுவும் சுத்தமான கிரீஸ். பெயாரிங்கின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரப்பினால் போதும். சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்வரை கன்னை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குண்டுகள் அந்தக் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓடும், கடைவதால் சூடேறும். பெயாரிங் சூடு 70 பாகையைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 15 பாகைக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது பெயாரிங் செய்கிறவர்களின் பொதுவான கணக்கு. அன்பு மிகுதியால் அடித்த கிரீஸே மோட்டாரை எரித்துவிடும்.

ஆகவே ரோலர் கிராங்குக்கும் விசிறி மோட்டாருக்கும் ஒரே டின்னில் இருந்து எடுத்துப் பூசுவது சரியில்லை. தொழிலில் மிகப் பரவலான பிழை இதுதான் என்று நினைக்கிறேன். டின் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை, வாங்கிக் கொடுக்கிறவர்கள். ஆனாலும் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

படலம் முழுதாக எழும்பாத ரோலரில் இரும்பைக் காப்பது யார்? 1920களில் வில்லியம் ஹார்டி இதை ஆராய்ந்தார். கொழுப்பு அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், வால் நிமிர்ந்து நிற்கும். மூலக்கூறுகள் நெருங்கி நின்றால் ஒரேயொரு அடுக்கே உராய்வை வெகுவாகக் குறைத்துவிடும். ஒரு மைக்ரோனை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற ஓரிரு பங்குதான் அந்த அடுக்கின் கனம். நம் பாட்டிமார் தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டது வெறும் அறியாமை இல்லை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம். உலோகத்தைப் பிடித்துக்கொள்வதில் அது கெட்டிக்காரன். ஆனால் 24, 25 பாகைக்குக் கீழே உறைந்துபோகும். இறக்குவானை மலைப்பக்கத்து மார்கழி விடியலில் போத்தலைக் கவிழ்த்தால் விழாது. மெஷினுக்குள் அப்படி உறைந்தால் போகவேண்டிய இடத்துக்கு எண்ணெய் போகாது. இன்றைய எஞ்சின் ஒயிலிலும் கியர் ஒயிலிலும் நாகம், பொஸ்பரஸ், கந்தகம் கலந்த சேர்க்கைப் பொருட்கள் இந்த வேலையைச் செய்கின்றன. உரசல் சூட்டில் அவை இரும்போடு சேர்ந்து மேலே ஒரு கெட்டியான தோலைக் கட்டும். இரும்புக்குப் பதில் அந்தத் தோல் தேயும், திரும்ப வளரும். மெதுவாக ஓடுகிற, பாரம் கூடிய இடத்துக்கு இப்படிச் சேர்க்கை உள்ள கிரீஸைக் கேட்டு வாங்குங்கள்.

இரத்தினபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய கைக்கடிகாரத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பது அதன் பெயாரிங்கைத்தான். இங்கே சுரங்கத்தில் கிடைக்கிற நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள அதே கனியத்தைத் துளையிட்டு, உருக்கு அச்சின் கூர்முனையை அதில் நிறுத்தும் முறைக்கு 1704இலேயே லண்டனில் காப்புரிமை வாங்கினார்கள். இன்று அந்தக் கற்கள் செயற்கையாகச் செய்யப்பட்டவை. அவ்வளவு கடினமான, வழவழப்பான கல்லுக்கும் ஊசிமுனையளவு எண்ணெய் வைக்காமல் கடிகாரக்காரர் மூடியை மூடமாட்டார்.

டிரையர் பக்கம் போவோம். உள்ளே போகிற காற்று 90, 100 பாகை. மலிவாகக் கிடைக்கிற கல்சியம் கிரீஸ் கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே உருகி வழிந்துவிடும். கிரீஸ் என்பது சவர்க்காரம் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்தான். சவர்க்காரம் உடைந்தால் எண்ணெய் ஓடிப்போகும், பெயாரிங் காய்ந்து நிற்கும். லிதியம் கிரீஸ் 180 பாகைக்குக் கிட்டத்தான் உருகும் என்றாலும், சூடான இடத்தில் அதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு கிரீஸ் இருக்கும் பெயாரிங்கில் கழுவாமல் இன்னொரு வகையைத் திணிக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கஞ்சியாக இளகிவிடும். அப்போது குறை சொல்வது புதிதாக வாங்கிய கிரீஸை. பிழை கலந்ததில் இருக்கும்.

சலிக்கும் அறைதான் எனக்கு எப்போதும் பயம். அங்கே பறக்கிற தேயிலைப் பஞ்சு எதிலும் ஒட்டும். எண்ணெயைக் கண்டால் உறிஞ்சும், உறிஞ்சிக் களியாகும். கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய தூசியே 40 மைக்ரோன் அளவு இருக்கும். பெயாரிங்குக்குள் படலம் ஒரு மைக்ரோன்கூட இல்லை. அப்படியானால் நம் கண்ணுக்கே படாத ஐந்து மைக்ரோன் மண் துகள்கூடப் படலத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு பக்க உருக்கையும் குத்திவிடும். மூடியில்லாத கிரீஸ் டின்னுக்குள் விரலை விடும்போது என்னென்ன உள்ளே போகிறது என்று யோசியுங்கள். நிப்பிளைத் துடைக்காமல் கன்னைப் பொருத்தினால், நிப்பிள் வாயில் இருந்த தூசிக்குத்தான் முதலில் வழிவிடுகிறோம். துடைக்கும் துணியும் பஞ்சு உதிர்க்காததாக இருக்க வேண்டும். ரோலர் பக்கத்துக் கொழுந்துச் சாறும் கழுவும் தண்ணீரும் இதே போலத்தான். எண்ணெய்க்குள் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்தாலும் படலம் பலவீனப்பட்டு, இரும்பு துருப்பிடிக்கும்.

இந்த இடத்தில் பழைய எஞ்சின் ஒயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லொறியிலிருந்து வடித்த கறுத்த ஒயிலைச் செயினுக்கும் புஷ்ஷுக்கும் விடுவது மலிவு என்று நினைக்கிறார்கள். அதில் கரி இருக்கிறது, தேய்ந்த இரும்புத் தூள் இருக்கிறது, சேர்க்கைப் பொருள் தீர்ந்துபோயிருக்கிறது. படலம் என்ற பெயரில் அரைக்கிற மாவை விடுகிறோம். தேயிலை படக்கூடிய இடத்தில் அதை விடுவது பெரிய குற்றம். அங்கே உணவு படும் இடத்துக்கான எச்-1 வகைக் கிரீஸ்தான் வர வேண்டும். நாம் முறுக்குகிற தேயிலையை ஈராக்கிலும் துருக்கியிலும் குழந்தைகளுக்கும் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கறுத்த ஒயில் உங்கள் உடம்பிலும் படுகிறது. ரெனால்ட்ஸ் இருந்த மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் பஞ்சாலைகளில், வேகமாகச் சுழலும் நூற்புக் கதிர்களுக்கு விட்ட கனிய எண்ணெய் தெறித்து, சாய்ந்து நின்று இழை முடியும் தொழிலாளரின் காற்சட்டையை ஆண்டுக்கணக்காக நனைத்தது. அந்த ஊர் மருத்துவர்களான சௌதமும் வில்சனும் 1922இல் எழுதினார்கள்: தங்களிடம் விதைப்பைத் தோலில் புற்றுநோயோடு வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நூற்பாளர்கள். இதைத் தடுக்கத் தனி விதி வந்ததோ 1953இல்தான். முப்பது ஆண்டுகள் அந்த மனிதர்களின் உடம்பு காத்துக்கிடந்தது. இன்றைய புது எண்ணெய்கள் நன்றாகச் சுத்திகரித்தவை. ஆனால் சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிய எண்ணெய் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. எஞ்சினில் எரிந்த ஒயிலில் அதே வகை நச்சுகள் சேர்கின்றன. எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு இரவெல்லாம் நடக்கிற தம்பிமாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூற்பாளர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். கையைப் பெற்றோலில் கழுவாதீர்கள், சவர்க்காரத்தில் கழுவுங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கொடுக்காதீர்கள்.

படலம் இருக்கக்கூடாத இடங்களும் உண்டு. தட்டை பெல்ட்டில் ஒரு கையளவு எண்ணெய் பட்டாலே வழுக்கும். லொறிச் சில்லின் சீல் கசிந்து பிரேக் டிரம்முக்குள் கிரீஸ் போனால், இறக்கத்தில் பெடலை மிதித்தும் வண்டி நிற்காது. கொஞ்சம் துடைத்துவிட்டு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லைனிங் குடித்த எண்ணெய் சூடானதும் வெளியே வரும். இரவு வேலை முடிந்து பைக்கில் போகிறவர்களே, காய்ந்த பாதையில் விழும் முதல் மழைதான் ஆபத்தானது. பாதையில் படிந்த ஒயிலும் டயர்த் தூளும் தண்ணீரோடு சேர்ந்து மெல்லிய பசையாகும். தேய்ந்த டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பாகி டயரைத் தூக்குவதும் ரெனால்ட்ஸ் சொன்ன அந்த ஆப்பைப் போலத்தான். ஸ்டோருக்குள் நம்மைக் காப்பாற்றுவது மாதம்பைச் சந்திக்கு இறங்கும் வளைவில் நம்மைத் தள்ளிவிடும்.

2022ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டினார்கள். ஓடும்போது எழும்பி நின்ற படலம், மெஷின் நின்றதும் பாரத்தால் பிதுங்கிப் போகிறது. திரும்ப ஓடத் தொடங்கும் முதல் சில சுற்றுகளில் இரும்பு இரும்போடு உரசித்தான் வேகம் பிடிக்கிறது. பெயாரிங்கும் புஷ்ஷும் அதிகம் தேய்வது அந்தத் தருணத்தில். பிறகு மின் கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறியது. உலகம் செலவழிக்கும் மொத்தச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே போகிறது என்று 2017இல் ஹோம்பெர்க், எர்டெமிர் இருவரும் கணக்கிட்டார்கள். முதலாளிமாரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். நல்ல கிரீஸுக்கு ஆகும் செலவை எண்ணுகிறவர்கள், கெட்ட கிரீஸுக்காக மின்சார மீற்றரில் கொடுக்கிற காசையும் எண்ண வேண்டும். உங்கள் வேலைக்குரிய மதிப்பும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு கிரீஸ் டின்னிலும் எந்த மெஷினுக்கு என்று பெயின்டால் எழுதுங்கள். ஒரு வகைக்கு ஒரு கன் வையுங்கள். மோட்டாருக்குக் கிரீஸ் அடிக்கும் முன் பெயாரிங் ஹவுசிங்கில் கை வைத்துப் பாருங்கள். அடித்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கூடச் சூடேறியிருந்தால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். மின்சாரம் போய் வந்தால், ஜாக்கெட் நிறையக் கொழுந்தும் மூடி அமுக்கமுமாக ரோலரைக் கிளப்பாதீர்கள். முதலில் மூடியைத் தூக்கி அமுக்கத்தை எடுத்துவிடுங்கள். கையுறையும் சவர்க்காரமும் துணியும் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் சேர்ந்து கேளுங்கள். ஒரு கொப்பி போட்டு, எந்த மெஷினுக்கு, எந்தக் கிரீஸ், எத்தனை அடி, என்ன சூடு, என்ன சத்தம் என்று ஷிப்ட் முடியும்போது எழுதிவிட்டு, மாற வருகிறவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஸ்டோர் சத்தத்தில் வளர்ந்த ஒருவன்